தங்கை மகளுக்கு ஜெர்மன் பெயர்: உதவுங்களேன்

வணக்கம். ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம், பெண் குழந்தை. மாப்பிள்ளை ஜெர்மன்காரர். அவர் வீட்டில் பழைய ஜெர்மன் பெயர் வேண்டும் என்று ஆசை. எங்கள் அம்மாவுக்கோ வாய் நிறையக் கூப்பிட வர வேண்டும்.

தேடினால் பல பெயர்களில் போர்தான் இருக்கிறது. மட்டில்டா என்றால் வலிமை, போர். ஹெட்விக்கில் இரண்டு பாதியுமே போர்! ஃப்ரீடா என்றால் அமைதி. எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். ஆனால் அம்மாவுக்கு 'பிரீடா' என்றுதான் வருகிறது. மீனா அங்கேயும் உண்டு, வில்ஹெல்மினாவின் சுருக்கம். நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்தும். தங்கையின் மனம் அதில்தான் நிற்கிறது.

கூடவே ஒரு தமிழ்ப் பெயரும் வைக்கிறோம். ஜெர்மனில் 'ஜெ' எழுத்தை 'ய' என்று படிப்பதால் ஜெயந்தி மாதிரிப் பெயர்கள் வேண்டாம்.

பிறந்த ஒரு வாரத்துக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெயரை மட்டும் ஒரு மாதத்துக்குள் கொடுக்கலாம். அங்கே குழந்தை பெற்றவர்கள் சொல்லுங்கள்: தமிழ்ப் பெயருக்குச் சான்று ஏதும் கேட்டார்களா? அப்புறம், இதமான பொருளுள்ள சின்ன ஜெர்மன் பெயர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.