உபுண்டுல தமிழ்99, ஹிந்தி, இங்கிலீஷ் மூணும் ஒண்ணா டைப் பண்றது எப்படி?

கீச்சுக்குருவி:
வணக்கம் மக்களே. உபுண்டு 24.04 (லினக்ஸ்), க்னோம் டெஸ்க்டாப். செட்டிங்ஸ்ல கீபோர்டு போயி இன்புட் சோர்ஸ்ல 'தமிழ்நெட் 99'ன்னு (அதான் தமிழ்99 கீபோர்டு அமைப்பு) இருந்தத சேர்த்துட்டேன், எழுத்தெல்லாம் அதது இடத்துல தான் இருக்கு ஆனா க-வ ரெண்டு தடவ அடிச்சா 'க்க' வர மாட்டேங்குது, 'கக'ன்னு அப்படியே நிக்குது, ஒவ்வொரு புள்ளியையும் நானே வைக்க வேண்டியிருக்கு. கூட ஹிந்தியும் வேணும். இன்புட் மெத்தட்ல (அடிக்கிற கீகள எழுத்தா மாத்தித் தர்ற சாஃப்ட்வேர்) ஐபஸ் நல்லதா எஃப்சிடிக்ஸ் நல்லதா?

நள்ளிரவுடெர்மினல்:
நீங்க சேர்த்தது எக்ஸ்கேபி லேஅவுட். அதுல ஒரு கீக்கு ஒரு எழுத்து, அவ்ளோதான், முன்னாடி என்ன அடிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. தமிழ்99-ல தானா புள்ளி விழணும்னா முந்தின எழுத்த பார்த்து முடிவு பண்ணணும், 'கக' அடிச்சா க்க, 'ஙக' அடிச்சா ங்க, 'நத' அடிச்சா ந்த. அது இன்புட் மெத்தட் செய்யற வேலை.

க்னோம்ல ஐபஸ் ஏற்கனவே உள்ளயே இருக்கு, அதனால அதையே வச்சுக்கோங்க. ஐபஸ்-எம்17என் பேக்கேஜ (பல மொழி கீபோர்டுகள ஐபஸ்ல சேர்க்கறது) டெர்மினல்ல ஆப்ட் கமாண்ட் வச்சு போட்டுட்டு கண்டிப்பா லாக்அவுட் பண்ணி திரும்ப வாங்க, இல்லன்னா லிஸ்ட்ல புதுசா எதுவும் தெரியாது. அப்புறம் தமிழுக்குக் கீழ எம்17என்-னு போட்ட தமிழ்99-அ சேர்த்துட்டு பழச தூக்கிடுங்க. ஹிந்தி இன்ஸ்கிரிப்ட் கீபோர்டும் அதே பேக்கேஜ்ல வந்துரும். மொழி மாத்தறதுக்கு சூப்பர் (விண்டோஸ் லோகோ போட்ட கீ) + ஸ்பேஸ்.

புள்ளி வேண்டாத இடத்துல நடுவுல அ கீ. 'நகக்கண்' அடிக்கணும்னா ந, க, அ, க, க, ண, புள்ளி. கை பழகிட்டா இதுக்கு ஈடு எதுவும் இல்லங்க, ஃபொனெடிக்கோட ஒப்பிட்டா கீ அமுக்கறதே கம்மி.

பிளாஸ்மாபிரியன்:
இத படிக்கிற கேடிஇ ஆளுங்களுக்கு (க்னோமுக்குப் பதிலா கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப் வச்சிருக்கவங்க): பிளாஸ்மா வேலண்ட்ல (திரைல விண்டோக்கள காட்டற புது முறை) எஃப்சிடிக்ஸ்5-ம் அதோட எம்17என் பேக்கேஜும் போடுங்க. போட்டா மட்டும் பத்தாது, சிஸ்டம் செட்டிங்ஸ்ல விர்ச்சுவல் கீபோர்டுன்னு ஒரு பக்கம் இருக்கும், அதுல எஃப்சிடிக்ஸ்5-அ தேர்ந்தெடுக்கணும். பேரப் பார்த்து டச் ஸ்க்ரீனுக்கானதுன்னு நெறைய பேரு அந்தப் பக்கமே போறதில்ல.

கீச்சுக்குருவி:
வந்துருச்சு!! 'ங்க' தானா விழறத பார்த்தா அவ்ளோ சந்தோஷமா இருக்கு, ரொம்ப நன்றிங்க. ஒண்ணே ஒண்ணு, டெர்மினல்ல இங்கிலீஷ்ல இருந்துட்டு எடிட்டருக்கு வந்தா தமிழுக்கு ஒவ்வொரு தடவயும் மாத்த வேண்டியிருக்கு. அப்புறம் ஒரு எலக்ட்ரான் (வெப் டெக்னாலஜில டெஸ்க்டாப் ஆப் செய்யற ஃப்ரேம்வொர்க்) சாட் ஆப்ல மட்டும் தமிழ் வரவே இல்ல.

நள்ளிரவுடெர்மினல்:
அதே கீபோர்டு பக்கத்துல 'ஒவ்வொரு விண்டோவுக்கும் தனித்தனி சோர்ஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அத ஆன் பண்ணிட்டா டெர்மினல் இங்கிலீஷ்லயும் எடிட்டர் தமிழ்லயும் தனித்தனியா இருக்கும். எலக்ட்ரான் ஆப் வேலண்ட்ல நேரடியா ஓடுதுன்னா வேலண்ட் ஐஎம்இ-ய (இன்புட் மெத்தட் தான்) எனேபிள் பண்ற ஃப்ளாக், அதாவது கமாண்டோட சேர்க்கற ஆப்ஷன், குடுத்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க, சரியாச்சுன்னா அந்த ஆப்போட டெஸ்க்டாப் ஃபைல்ல (மெனுல இருந்து ஆப்ப திறக்கற ஃபைல்) எக்ஸெக் வரில ஃப்ளாக்க சேர்த்துருங்க. அப்பவும் வரலன்னா ஆப்ப ஸ்னாப் பேக்கேஜா டெப் பேக்கேஜா எதுல போட்டீங்கன்னு சொல்லுங்க, பார்ப்போம்.