டிரான்ஸ்ஃபர் என்பதற்குப் ‘பதிவுமாற்றம்’: ஆல்ஃப் காமன் கட்டுரையை முன்னிட்டு

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

இங்கிலாந்துக் கால்பந்து ஆட்டக்காரர் ஆல்ஃப் காமன் பற்றிய கட்டுரைக்காக, ஓர் ஆட்டக்காரர் ஒரு கழகத்திலிருந்து இன்னொரு கழகத்துக்கு மாறுவதைக் குறிக்கும் டிரான்ஸ்ஃபர் என்பதற்கு ‘இடமாற்றம்’, ‘பரிமாற்றம்’ என்னும் இரு சொற்கள் இங்கே முன்வைக்கப்பட்டுள்ளன. அவருடைய ஆட்ட வாழ்க்கையோடு பொருத்திப் பார்க்கையில் இரண்டும் போதவில்லை. ‘பதிவுமாற்றம்’ என்பதை நான் முன்மொழிகிறேன்.

1880இல் பிறந்த காமன், சண்டர்லாந்து கழகத்திலிருந்து 1901இல் ஷெஃபீல்ட் யுனைட்டெடுக்குச் சென்று, மறு ஆண்டே இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்ற அணியில் ஆடி, 1904இல் சண்டர்லாந்துக்கே திரும்பினார். 1905 பிப்ரவரியில் மிடில்ஸ்பரோ கழகம் அவருக்காக 1,000 பவுன் கொடுத்தது. அதுவரை எந்த ஆட்டக்காரருக்கும் அவ்வளவு தொகை தரப்பட்டதில்லை. லீக்கின் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிடும் நிலையில் இருந்த மிடில்ஸ்பரோ, ஷெஃபீல்ட் யுனைட்டெடின் மைதானத்தில் அவர் அடித்த பெனால்டி கோலால் 1–0 என வென்றது. வெளி மைதானத்தில் அந்த அணி வென்று ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்த ஆயிரம் பவுன் சண்டர்லாந்து கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காமனுக்கோ, 1901 முதல் நடப்பிலிருந்த உச்சவரம்பின்படி, வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் ஊதியம் தர விதி இடந்தரவில்லை. கழகங்களுக்கிடையே விலைபேசப்பட்டது அவரை லீக் ஆட்டங்களில் களமிறக்கும் உரிமையைத் தரும் பதிவுதான்.

‘இடமாற்றம்’ என்றதும் ஒரே துறையின்கீழ் ஊர் மாறும் அரசு ஊழியரே நினைவுக்கு வருகிறார். காமனுக்கோ முதலாளியே மாறினார். ‘பரிமாற்றம்’ என்பதில் இருபுறமும் கொடுத்து வாங்கும் பொருள் தொனிக்கிறது. பதிவுமாற்றம் என்பது பத்திரப்பதிவை நினைவூட்டும் என்று சிலர் தயங்கக்கூடும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. மனிதரைச் சொத்துபோல விலைக்கு வாங்குவதா என்ற கண்டனம் அன்றே எழுந்தது; 1908இல் இத்தகைய தொகைக்கு 350 பவுன் என்ற வரம்பு விதிக்கப்பட்டுச் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது.

அடுத்தது, கழகம் ஓர் ஆட்டக்காரரை விடாமல் வைத்துக்கொள்வதைக் குறிக்கும் ரீட்டெய்ன் என்பது. ஐபிஎல் செய்திகளால் பழகிவிட்ட ‘தக்கவைப்பு’ என்பதையே கொள்ளலாம். ஆனால் கட்டுரையில் ஒரு விளக்கம் கட்டாயம் தேவை. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும், ஊதியம் தராமலேயே கழகம் ஒருவரின் பதிவைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடிந்தது. கழகம் விடுவிக்காதவரை அவர் வேறொரு லீக் கழகத்துக்கு ஆட இயலவில்லை. ஆட்டக்காரர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கழகத்தின் மீது தொடுத்த வழக்கில், 1963இல்தான் இந்தத் தக்கவைப்பு விதி நியாயமற்ற தொழில் தடை என்று தீர்ப்பாயிற்று.

கொடுக்கப்படும் பணத்தைப் ‘பதிவுமாற்றுத் தொகை’ எனலாம். 1910இல் உல்விச் ஆர்சனலுக்கும் 1912இல் பிரெஸ்டனுக்கும் காமன் சென்றதை எழுதும் இடங்களிலும் இதையே ஆளலாம். ‘வாங்கியது’, ‘விற்றது’ என்னும் வினைகளைக் கட்டுரையாளரின் நடையில் தவிர்த்து, அக்காலத்தவர் கூற்றாக வரும் இடங்களில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அன்புடன்.