செட்டிநாட்டு வீட்டில் மானிட்டர் (பாட்டு மிக்ஸிங்குக்கான ஸ்பீக்கர்) வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

சென்னை வாடகை கட்டி மாளாமல், பாட்டின் சத்தங்களைச் சேர்த்துச் சமன் செய்யும் மிக்ஸிங் வேலையை அப்பத்தா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். வளவை (நடுமுற்றத்தை) ஒட்டிய அறை கிடைத்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. ஆத்தங்குடிக் கல் தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவர். கை தட்டினால் 'டிர்ர்ர்' என்று ஓடியது. அப்போதே உறைத்திருக்க வேண்டும். அறையின் அழகு கண்ணை மறைத்துவிட்டது.

எட்டு அங்குல மானிட்டர் இரண்டையும் சுவரோரம் வைத்து, நட்டநடுவில் நாற்காலி போட்டேன். கிக் டிரம்மின் அடிச்சத்தம் காணோம். ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். அந்தப் பாட்டைக் காரில் போட்டுக் கேட்ட நண்பன், "டேய், கதவு கழண்டுரும் போலருக்கே" என்றான்.

பிறகுதான் கணக்குப் போட்டேன், கோளாறு அறையின் அளவில். 12 அடி என்பது 3.66 மீட்டர். ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும் (நம்ம ஊர் வெயிலில் இன்னும் கொஞ்சம் கூடும்). அதை 3.66-இன் இருமடங்கால் (சுவருக்குச் சுவர் போய்த் திரும்பும் தூரம்) வகுத்தால் 47 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 47 அதிர்வு. அந்த ஒலி மூலையில் கொழுத்து, நடுவில் செத்துவிடும். அதன் இரட்டிப்பான 94 ஹெர்ட்ஸோ நடுவில்தான் வந்து முட்டும். சதுர அறையில் நீளம், அகலம் இரண்டின் கோளாறும் ஒரே இடத்தில் சேரும். நான் தேடிப்போய் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

நாற்காலியை முன்சுவரிலிருந்து நாலரை அடியில் போட்டேன். அறை நீளத்தில் 38 சதவீதம் என்ற கணக்கு. மானிட்டர்களுக்கு நடுவே நாலடி, ஒவ்வொன்றிலிருந்தும் காதுக்கு நாலடி, ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கர்) காது மட்டத்தில். பக்கச் சுவரில் ஒலி எங்கே பட்டுத் திரும்புகிறது என்று பார்க்கக் கண்ணாடியை நகர்த்திப் பார்ப்பார்கள். இங்கே கண்ணாடியே வேண்டாம், சுவரிலேயே ட்வீட்டர் நிழலாடியது! அங்கே மெத்தை மாட்டலாம் என்றால் அப்பத்தா, "ஏய்யா, சுவத்துல ஆணி கீணி அடிச்சே, இந்த வீட்டுல சோறு கிடையாது". சட்டம் செய்து, அதில் இலவம்பஞ்சு மெத்தையைக் கட்டி நிறுத்தினேன். 'டிர்ர்ர்' போயிற்று. 47 ஹெர்ட்ஸ் ஒலி அடங்காமல் இழுத்துக்கொண்டே நிற்கும் இழுவை மட்டும் போகவில்லை. மெத்தைக்கெல்லாம் அது அடங்காது.

பள்ளத்தூரிலிருந்து:

நான் ஒரு கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு அங்குல ஃபோமை நாலு சுவரிலும் ஒட்டித் தொலைத்தேன். ஜால்ரா சத்தம் செத்தது, பேஸ் (அடிச்சத்தம்) அப்படியே 'பொம்'மென்று நின்றது. முன்னைவிட மோசம். பிறகு மானிட்டரின் பின்பக்க ஸ்விட்சில் பேஸை 2 டெசிபல் குறைத்தேன். சுவரோரம் வைத்தே ஆகவேண்டும் என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், காசு செலவில்லை.

தேவகோட்டையிலிருந்து:

தம்பி, ஏ.வி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ நடத்திவிட்டு 1948-ல் சென்னைக்குப் போனது. நீங்கள் எதிர்த்திசையில் வருகிறீர்கள், சந்தோஷம்! வளவுப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். என் தேக்கு மேசையும் கூடவே பாடிக்கொண்டிருந்தது. மானிட்டரைத் தூக்கிப் பழைய அம்மிக்கல் மேல் ரப்பர் போட்டு வைத்தபின் வாயை மூடிக்கொண்டது.

காரைக்குடியிலிருந்து:

கதவைத் திறந்தேன் அண்ணே. இழுவை நன்றாகவே குறைந்தது. இப்போது வளவுப் புறாக்கள் எல்லாப் பாட்டிலும் கூடவே பாடுகின்றன. இங்கே குரல் பதிவு கிடையாது, அதனால் பிழைத்தேன். அம்மிக்கல்லை அப்பத்தாவிடம் இன்னும் கேட்கவில்லை.