முளையைப் பாத்து மகசூல் சொல்லலாமா? (ஐஸ் ஹாக்கியை வச்சு ஒரு சண்டை)

மன்னை ரவி:
ஒட்டாவாலேர்ந்து லீவுக்கு மன்னார்குடி வந்திருக்கேன். அங்க டிசம்பர் 26 ஆச்சுன்னா டிவி பூரா 20 வயசுக்குட்பட்டோர் உலக ஐஸ் ஹாக்கிதான். ஒரு பையன் ரெண்டு கோல் போட்டா உடனே ‘அடுத்த கிரெட்ஸ்கி’ (ஐஸ் ஹாக்கி ஜாம்பவான்). எங்க ஒட்டாவா அணி இதுலயே சூடு பட்டது. 1993 டிராஃப்ட்ல, அதாவது லீக் அணிங்க இளம் ஆட்டக்காரங்கள வரிசையா தேர்ந்தெடுக்கறதுல, முதல் ஆளா அலெக்சாண்டர் டெய்கை எடுத்தாங்க. 18 வயசு. ஒரு ஆட்டம்கூட ஆடல, அதுக்குள்ள 5 வருஷத்துக்கு 1 கோடியே 22½ லட்சம் டாலர். ரெண்டாவதா போறவன யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறான்னு அவரே சிரிச்சுக்கிட்டு சொன்னாரு. அந்த ரெண்டாவது ஆளு கிறிஸ் பிராங்கர் 2015ல ஹாக்கி ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் போயிட்டாரு. டெய்கை 1998லயே வேற அணிக்குத் தள்ளி விட்டாங்க. பத்திரிகைக்காரன் ஏத்திவிட்டு ஒரு பையன் வாழ்க்கையக் கெடுத்தான்ங்கிறேன். என்ன சொல்றீங்க?

குடந்தை காபி:
ரவிண்ணே, முப்பது வருஷத்துக்கு முந்துன ஒரே ஆள வச்சு எத்தன நாள் ஓட்டுவீங்க? கிராஸ்பியையும் இப்படித்தான் தூக்கி வச்சு ஆடுனாங்க. 2005ல முதல் ஆளு, மூணு ஸ்டான்லி கப் (லீக் சாம்பியன் கோப்பை). மெக்டேவிட் 2015, இப்ப அவர மிஞ்ச ஆளு யாரு? கிரெட்ஸ்கி பத்து வயசுல ஒரே சீசன்ல 378 கோல் போட்டத எழுதாம வேற எத எழுதுவாங்க? விளையும் பயிர் முளையிலே தெரியும்ணே.

வடுவூர் வாத்தியார்:
பயிரப் பத்தி கும்பகோணத்துக் காபிக்கடையில உக்காந்து பேசக்கூடாது தம்பி. ஆடுதுறை 36 நெல்லு போட்டா 110 நாள்ல அறுத்துடலாம். சி.ஆர். 1009 போட்டா 155 நாளுக்கு மேல நிக்கும். 110வது நாள் அந்த வயல்ல போயி பாத்தா அறுக்க என்ன இருக்கும்? கருக்காய்னு எழுதிட்டுப் போயிடுவியா? டெட்ராய்ட்காரங்க டாட்சுக்க 1998ல 171வது ஆளா எடுத்தாங்க, ஸெட்டர்பெர்க 1999ல 210வதா. ரெண்டு பேரும் சேந்துதான் 2008ல கப்பு வாங்கிக் குடுத்தாங்க. மார்ட்டின் செயின்ட் லூயிய டிராஃப்ட்ல சீந்த ஆளில்ல, 2004ல லீக்லயே சிறந்த ஆட்டக்காரர். முப்பது வருஷம் பி.டி. மாஸ்டரா இருந்தவன் சொல்றேன், பதினெட்டு வயசுல பாதிப் பேருக்கு ஒடம்பே முழுசா வந்திருக்காது.

திருவையாறு செல்வி:
1009ன்னதும் எனக்கு மும்பை பிரணவ் தனவடேதான் ஞாபகம் வருது. 2016ல ஸ்கூல் மேட்ச்ல 1009 நாட் அவுட். எத்தன கேமரா! அப்புறம் அந்தப் பேர எங்கயாவது கேட்டீங்களா?
ஆனா ரவிண்ணே, நான் உங்க கட்சியும் இல்ல. எம்பொண்ணு மாவட்டப் போட்டில ஜெயிச்சா. மறுநாள் பேப்பர்ல ஒரே ஒரு வரி, அதுலயும் ஸ்கூல் பேரு தப்பு. ஸ்பைக் ஷூவுக்கு ஒரு ஆள் உதவுறேன்னு சொன்னாரு, பேப்பர்ல பேரு வந்தத காட்டச் சொன்னாரு. நான் எதக் காட்டுறது? ஒங்களுக்கு அஜீரணம், எங்களுக்குப் பசி.

குடந்தை காபி:
அக்கா போட்டாங்க பாருங்க! விளம்பரம் இல்லாம காசு எங்கேருந்து வரும்?

மன்னை ரவி:
செல்வி சொல்றது சுருக்குன்னுதான் இருக்கு. ஆனா அந்தக் காசு யாருக்குப் போவுதுன்னும் பாரு தம்பி. டெய்க் சம்பளத்தப் பாத்து மிரண்டுதான் 1995ல புதுசா வர்றவங்க சம்பளத்துக்கு உச்சவரம்பு வச்சாங்க. பையன் பேர வச்சு அணி டிக்கெட் விக்கும், சட்டை விக்கும், அவன் கைக்கு வர்றது அளந்துதான். இன்னொண்ணு, அப்ப கடைசியா வர்ற அணிக்குத்தான் முதல் ஆள எடுக்கற வாய்ப்பு. அதனால டெய்குக்காக ஒட்டாவா வேணும்னே தோத்துச்சோன்னு விசாரணையே நடந்துச்சு. 1995லேர்ந்து டிராஃப்ட்ல முதல் வாய்ப்பு யாருக்குன்னு குலுக்கல். நம்ம குடவோலை மாதிரிதான், என்ன, பானை கிடையாது.

2022ல ஷேன் ரைட்டுன்னு ஒரு பையன். அவன்தான் முதல் ஆளுன்னு ரெண்டு வருஷமா எழுதுனாங்க. அன்னிக்கு மாண்ட்ரியல் வேற பையன எடுத்துது, இவன் நாலாவதா சியாட்டல் போனான். மேடையேறி மாண்ட்ரியல் மேசை பக்கம் திரும்புனான். முறைச்சான்னு அந்தச் சில விநாடிய வெட்டி எத்தன வீடியோ! பதினெட்டு வயசுப் பையன் எந்தப் பக்கம் பாக்கணும்னு கூடவா இவங்க சொல்லணும்?

குடந்தை காபி:
அது தப்புதான், ஒத்துக்கறேன். அதுக்காக கிராஸ்பிய பத்தி எழுதாதன்னா ஒத்துக்க மாட்டேன்.

வடுவூர் வாத்தியார்:
எழுதட்டும்யா. 18 வயசுல எழுதுனவன் 25லயும் வந்து பாத்துட்டு எழுதட்டும்.
செல்வி, பாப்பா எத்தன மீட்டர்?

திருவையாறு செல்வி:
800 சார். ஒம்பதாவது படிக்கிறா.

வடுவூர் வாத்தியார்:
ஞாயித்துக்கெழமை காலைல தஞ்சாவூர் அன்னை சத்யா மைதானத்துல அஞ்சரைக்கு இருப்பேன். நீங்களும் கூட வாங்கம்மா. எங்கிட்ட படிச்ச புள்ளைங்க ரெண்டு பேரு அங்கதான் ஓடுறாங்க, ஷூவுக்கு அவங்ககிட்ட கேப்போம்.

குடந்தை காபி:
ஓடுறப்ப ஒரு வீடியோ எடுத்து இங்க போடுங்க அக்கா!

வடுவூர் வாத்தியார்:
போடாதீங்க.