மட்டக்களப்பு கல்லடியில் ஆறு நாய்களுக்கு வீடு வேண்டும்

வணக்கம் உறவுகளே. கட்டாக்காலி என்று பிடித்து அடைத்து வைத்திருந்த ஆறு நாய்களைக் கேட்டு வாங்கி, கல்லடியில் எங்கள் வளவில் வைத்திருக்கிறோம். மூன்று பெட்டை, ஒரு கடுவன், இரண்டு குட்டிகள். பெரியவை நாலுக்கும் விசர்நாய்த் தடுப்பூசி போட்டாச்சு. பெட்டைகளுக்குக் கருத்தடை இன்னும் செய்யவில்லை. நாய்க்குச் சினைக்காலம் 63 நாள் அளவுதான், சினைப்பட்டால் கெதியாகக் குட்டி போட்டுவிடும்; அதனால் கருத்தடையைத் தள்ளிப்போட முடியாது. சனிக்கிழமை மிருக வைத்தியரிடம் கொண்டுபோக யாராவது ஆட்டோ தருவீர்களா?

ஆரையம்பதி, செங்கலடி, களுவாஞ்சிகுடிப் பக்கம் வளவுள்ளவர்கள் ஒன்றையாவது எடுத்து வளருங்கள். செவலைப் பெட்டைக்கு ஒரு கண் தெரியாது. ஆனால் கேற் திறக்கும் சத்தம் கேட்டாலே வாலாட்டிக்கொண்டு ஓடி வருவாள். அவளை இதுவரை யாரும் கேட்கவில்லை. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போடுபவர்களுக்குத் தர மாட்டோம், மன்னிக்கவும். எடுக்க முடியாதவர்கள் அரிசி, மீன்தலை, பழைய சாக்கு தந்தாலும் பெரிய உதவி. உள்பெட்டியில் எழுதுங்கள்.