மதியம் 2 முதல் இரவு 10 வரை கடை வேலை, காலையில் கல்லூரி: மாணவர்களுக்கு என்ன சொல்லலாம்?

பிகாம்_வகுப்பாசிரியர்:

அரசு கலைக் கல்லூரி, முதல் ஷிப்ட், பி.காம். இரண்டாம் ஆண்டு. வகுப்பு காலை 8.30 முதல் 1.15 வரை. பாதிப் பேருக்கு மேல் மதியம் வேலைக்குப் போகிறார்கள். ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட் பில்லிங், மெடிக்கல் ஷாப், சிலர் உணவு டெலிவரி. முதல் பீரியடுக்குப் பலர் வருவதில்லை. வந்தவர்களுக்கும் கண் சொக்குகிறது. வேலையை விடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் தங்கையின் படிப்பும் ஓடுகின்றன. படிப்பும் உடம்பும் கெடாமல் இதை எப்படிக் கொண்டுபோகலாம்? நாளைக்கே வகுப்பில் சொல்லக்கூடிய மாதிரி இருந்தால் நல்லது.

அட்டவணை:

சார், எத்தனை மணி நேரம் வேலை என்பதைவிட எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். ஜவுளிக்கடையில் ஷட்டர் இறங்குவது 9.30 என்றாலும், பிரித்துப் போட்ட புடவைகளை மடித்து அடுக்கி, ஸ்டாக் எண்ணி, பில் டேலி ஆகி வெளியே வர 10.30 ஆகிவிடும். பஸ் பிடித்து வீடு சேர 11.15, சாப்பிட்டுப் படுக்க 12.30. காலை 6 மணிக்கு எழுந்தால் தூக்கம் ஐந்தரை மணி நேரம்தான். அந்த வயதுக்கு 7 மணி நேரமாவது வேண்டும். முதல் பீரியட் தவறுவதற்குக் காரணம் அந்தக் கடைசி ஒரு மணி நேரம்.

"சீக்கிரம் விடுங்கள்" என்று தனியாகப் போய்க் கேட்டால் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார். 6 முதல் 9 வரைதான் கூட்டமே. அதனால் ஒரே கடையில் வேலை பார்க்கும் இரண்டு மாணவர்கள் சேர்ந்து கேட்கட்டும்: ஒருவர் திங்கள், புதன், வெள்ளி கடைசி வரை இருப்பார், மற்றவர் செவ்வாய், வியாழன், சனி. முறை இல்லாத நாளில் 9 மணிக்குக் கிளம்பிவிடலாம். பதிலுக்கு ஞாயிறு காலையிலேயே வருகிறோம் என்று சொல்லட்டும். ஞாயிறு காலையில்தான் கடைகளில் ஆள் பற்றாக்குறை, எனவே பேச்சு எடுபடும்.

வருகைக் கணக்கை கரும்பலகையில் எழுதியே காட்டுங்கள். பருவத்துக்கு 90 வேலை நாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் மொத்தம் 450. அதில் 75 சதவீதம் 338 மணி. ஆக, விடக்கூடியது 112 மணி நேரம், அதாவது சுமார் 22 நாள். வாரத்துக்கு நான்கு முறை முதல் பீரியட் தவறினால் 15 வாரத்தில் 60 மணி போய்விடும், அதாவது 12 முழு நாள். பையன் ஒரு நாள்கூட லீவு போடவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்பான். அதன் பிறகு ஒரு காய்ச்சல், ஒரு ஊர்த் திருவிழா வந்தால் கண்டொனேஷன் பட்டியலில் (வருகைக் குறைவுக்குப் பணம் கட்டித் தேர்வு எழுத வேண்டியவர்கள்) பெயர் வந்துவிடும். 65 சதவீதத்துக்கும் கீழே போனால் பணம் கட்டியும் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது.

படிப்பைப் பொறுத்தவரை, இரவு வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்ற திட்டத்தைக் கைவிடச் சொல்லுங்கள், அது நடக்காது. 1.15க்கு மணி அடித்ததும் நூலகத்தில் 25 நிமிடம் உட்கார்ந்து, அன்று நடத்திய கணக்கில் ஒன்றைப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் போட்டுப் பார்க்கட்டும். கார்ப்பரேட் அக்கவுண்டிங்கும் காஸ்ட் அக்கவுண்டிங்கும் கையால் போட்டால்தான் வரும். பிறர் போட்ட விடையைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் வொர்க்கிங் நோட் எங்கே தொடங்குவது என்றே தெரியாது. தியரியைப் பஸ்ஸில் படிக்கலாம்.

இன்டெர்னல் 25 மதிப்பெண்ணை விடவே கூடாது. எக்ஸ்டெர்னல் 75க்குக் குறைந்தது 30, மொத்தம் 40 என்ற விதியில், இன்டெர்னலில் 18 வைத்திருப்பவருக்கு 30 போதும். 5 வைத்திருப்பவர் 35 எடுக்க வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு அந்த 5 மதிப்பெண் பெரிய தூரம். அசைன்மென்ட் தேதியைப் பருவத் தொடக்கத்திலேயே நீங்கள் அறிவித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும், சார்.

நலவாழ்வு:

மேலே சொன்னதோடு உடம்பு பக்கத்தையும் சேர்க்கிறேன்.

மதியச் சாப்பாட்டைத் தவறவிட்டு 4 மணிக்கு டீயும் பன்னும், இரவு 11.30க்கு வயிறு நிறையச் சோறு: நெஞ்செரிச்சலுக்கு இதுவே போதும். 1.15க்கும் 2 மணிக்கும் நடுவில் டப்பா சாப்பாடு முடிந்தாக வேண்டும். 7 மணி வாக்கில் சுண்டலோ முட்டையோ சாப்பிட்டால் இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளலாம். காபி, டீ மாலை 5 மணியோடு சரி. குடித்த காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும்.

பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள் (ஒரு மேடம் கேட்டால் நல்லது). கடையில் கழிப்பறை வசதி சரியில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். சிறுநீர்த் தொற்று அடிக்கடி வருவதற்கு அது முக்கியக் காரணம். மாதவிலக்கில் அதிக உதிரப்போக்கும் மூச்சு வாங்குவதும் இருந்தால் அரசு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். படித்தது மண்டையில் ஏறவில்லை என்று அழுகிற பிள்ளைக்கு ரத்தசோகையாக இருக்கலாம்.

ஏழு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் கெண்டைக்காலில் ரத்தம் தேங்கி வீங்கும். மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும்.

டெலிவரிப் பையன்களிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடையதைப் போல் ஆகிவிடும். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதி 0.03 வரைதான். காலை 6க்கு எழுந்தவன் இரவு 11க்கு வண்டி ஓட்டும்போது அந்த நிலையில்தான் இருக்கிறான்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை, காரணமில்லாத கோபம் தொடர்ந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் பேசலாம். 24 மணி நேரமும் உண்டு, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

பிகாம்_வகுப்பாசிரியர்:

இருவருக்கும் நன்றி. முறை வைத்துக் கடை அடைப்பது நல்ல யோசனை. இன்னொன்று: தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் எந்தக் கடையும் லீவு தருவதில்லை, மாடல் தேர்வும் அப்போதுதான். சிலர் ஃபீஸுக்கு அட்வான்ஸ் வாங்கியிருப்பதால் வாயைத் திறக்கவே பயப்படுகிறார்கள்.

தொழிலாளர்_பக்கம்:

அட்வான்ஸ்தான் வேர், சார். அதை வாங்கிவிட்டால் நேரத்தைப் பற்றிப் பேசும் உரிமையே போய்விட்டதாக மாணவர் நினைத்துக்கொள்கிறார். முதலில் அரசு உதவித்தொகை முழுதாக வருகிறதா என்று ஒவ்வொருவருக்கும் சரிபாருங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கடையில் மணிக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது மாதம் 20 மணி நேரத் தூக்கம். பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காததாலும், பள்ளிப் பதிவிலும் கல்லூரிப் பதிவிலும் பெயர் வேறு வேறாக இருப்பதாலும்தான். எப்படித் திருத்துவது என்று கல்லூரியில் இந்தத் திட்டங்களைப் பார்க்கும் பொறுப்பு அலுவலரைக் கேட்கலாம்.

ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தக் கடையிலும் கொடுக்க வேண்டாம், நகல் போதும். ஒரிஜினலைக் கொடுத்துவிட்டால், உதவித்தொகை விண்ணப்பம் வரும் நாளில் அது முதலாளியின் பீரோவில் மாட்டிக்கொண்டிருக்கும்.

பெரிய கடை என்றால், சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு, பகுதி நேர ஊழியருக்கும் சேர்த்தே. சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்தம். எண் கேட்டு வாங்கி வைக்கட்டும். உட்கார இருக்கை தர வேண்டும் என்பது 2021 முதல் தமிழ்நாட்டுக் கடைகள் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டுப் பார்த்தும் தரவில்லை என்றால் தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் நீங்களே மனு கொடுக்கலாம், மாணவர் பெயர் வர வேண்டியதில்லை.

தீபாவளி விஷயத்துக்கு, மாடல் தேர்வு அட்டவணையைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு ஆகஸ்ட் மாதமே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். கடைகள் சீசன் ஆள் கணக்கைப் போடும் முன் அது முதலாளியிடம் போக வேண்டும். அக்டோபரில் போய் லீவு கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

பந்தி_கணேசன்:

மாற்று வேலை தேடுபவர்களுக்குக் கல்யாணப் பந்தி பரிமாறும் வேலையைச் சொல்லுங்கள். கூலி அன்றன்றே கைக்கு வரும், அட்வான்ஸ் கட்டு இல்லை. பெரிய வசதி என்னவென்றால், முகூர்த்த நாள்கள் தினசரிக் காலண்டரிலேயே இருக்கின்றன. ஆடி, புரட்டாசி, மார்கழியில் வேலை குறைவு. ஆவணி, ஐப்பசி, தையில் அதிகம். அந்த 22 நாள் லீவுக் கணக்கில் எத்தனை முகூர்த்தம் வார நாளில் விழுகிறது என்று பருவம் தொடங்கும்போதே எண்ணிக்கொள்ளலாம். காலை டிபன் பந்திக்கு விடியற்காலை 4 மணிக்கே மண்டபத்தில் நிற்க வேண்டும். அன்று கல்லூரி இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வகுப்பு நாளில் முந்தின இரவு ரிசப்ஷன் மட்டும் ஒத்துக்கொள்வது நல்லது.

டெலிவரிக்குப் போகிறவர்கள் வண்டியின் இன்ஷூரன்ஸ் தாளில் பயன்பாட்டு வரம்பு என்ற பகுதியை வாசிக்கட்டும். சொந்த உபயோக பாலிசியில் கூலிக்குப் பொருள் கொண்டுபோவது சேராது, விபத்தானால் கிளெய்ம் மறுக்கப்படலாம். கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு ஆர்டர் எடுத்திருக்கும் நேரத்துக்கு மட்டுமா, ஆப்பில் லாகின் செய்த நேரம் முழுவதுமா என்பதையும் சேரும்போதே கேட்டுக்கொள்ளட்டும்.