நுவரெலியாக் குளிருக்குள்ள ஹமொக்ல நித்திரை கொள்ளுற ஆக்கள் இருக்கிறீங்களா?

வெள்ளவத்தை_வாசி:
வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீட்டு பல்கனியில ஹமொக் (ரெண்டு முனையிலயும் கட்டித் தொங்கவிடுற துணிப் படுக்கை) கட்டித்தான் நான் பின்னேரத்தில படுக்கிறது, கொழும்புப் புழுக்கத்துக்கு அதைவிடச் சுகம் வேற இல்லை, கடல்காத்து கீழால வந்து முதுகில படேக்க கரண்ட் போனாலும் கவலை இல்லை. இப்ப ஜனவரியில நுவரெலியாவில சிநேகிதன்ட மாமா வீட்டுக்குப் போறம், பின் வளவுக்குள்ள நல்ல மரங்கள் இருக்கு, இரவும் ஹமொக்லயே படுக்கோணும் எண்டு சரியான ஆசை. போன வருசமும் படுத்துப் பார்த்தன், தடிப்பான ஸ்லீப்பிங் பாக், அதுக்கு மேல கம்பளி, நெஞ்சுப் பக்கம் சூடாத்தான் இருந்துது ஆனா முதுகு ஐஸ் கட்டியில படுத்த மாதிரி விறைச்சு, விடிய முதலே எழும்பி உள்ளுக்குப் போயிட்டன். மேல இன்னொரு கம்பளி போட்டும் ஒரு வித்தியாசமும் இல்லை. இது ஏன் இப்பிடி?

ஸ்கார்பரோ_அண்ணை:
தம்பி, நான் பம்பலப்பிட்டியில வளந்த ஆள், இப்ப டொரோண்டோ, இங்க ஸ்னோ கிடக்கேக்கயும் ஹமொக் கட்டிப் படுக்கிறனான். உங்கட பிரச்சினை மேல இல்லை, கீழ. ஸ்லீப்பிங் பாக் சூடு தாறது உள்ளுக்கு இருக்கிற பஞ்சு பொம்மி நிண்டு காத்தைப் பிடிச்சு வைக்கிறதால. உங்கட பாரம் ஏறின இடத்தில பஞ்சு நசிஞ்சு தட்டையாப் போயிடும், பிறகு அது இருந்தும் ஒண்டுதான் இல்லாட்டியும் ஒண்டுதான். அதோட ஹமொக்குக்குக் கீழ காத்து ஓடிக்கொண்டே இருக்கும், முதுகுச் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். வெள்ளவத்தையில உங்களுக்குச் சுகம் தாற அதே காத்துதான் அங்க விறைக்கப் பண்ணுறது.

இதுக்கெண்டே அண்டர்குயில்ட் எண்டு ஒரு பஞ்சுப் போர்வை விக்கிறாங்கள், ஹமொக்குக்கு வெளியால, கீழ தொங்கவிடுறது, பாரம் படாததால பஞ்சு நசியாது. ஹமொக்கோட மட்டுமட்டா ஒட்டி இருக்கோணும், இடைவெளி விட்டா குளிர்காத்து பூந்திடும், இறுக்கி இழுத்தா பஞ்சு நசிஞ்சிடும், கையை நடுவால விட்டுத் தடவிப் பார்த்துக் கயிறைச் சரிபண்ணுங்கோ.

முதுகு மட்டும் சூடா இருந்துதெண்டா குளிருக்குள்ள ஹமொக்ல கிடக்கிறதைப்போல ஒண்டு இல்லை தம்பி. புது ஸ்னோ விழுந்த அடுத்த நாள் ஒரு சத்தமும் கேக்காது, மூக்கு நுனி மட்டும் சில்லெண்டு இருக்கும், பிளாஸ்க்கில இஞ்சித் தேத்தண்ணி, நிலம் ஸ்னோவோ சேறோ உங்களுக்கென்ன. கைவிடாதேங்கோ.

நானுஓயாக்காரி:
நான் இப்ப வேலைக்கு கொட்டாஞ்சேனையில இருக்கேன், ஆனா பொறந்து வளந்தது நானுஓயா. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம், மேல ஏற ஏற 1,000 மீட்டருக்கு 6 டிகிரி மாதிரி சூடு குறையும்னு கணக்குப் போட்டுக்கிட்டு மட்டும் வராதீங்க. ஜனவரி, பெப்ரவரியில மேகமே இல்லாத ராத்திரியில தரைச்சூடு எல்லாம் வானத்துக்குப் போயிரும், விடியக்காலையில துகள் உறைபனி விழும், தேயிலைக் கொழுந்தே கருகிப்போயிரும். குளிர்ந்த காத்து பாரம் கூட, பள்ளத்துல போய்த் தேங்கி நிக்கும், அதனால ஓடைப் பக்கம், பள்ளம் எல்லாம் விட்டுட்டு கொஞ்சம் மேட்டுல கட்டுங்க. மேல ஒரு தறப்பாள் கட்டாயம், மழைக்கு மட்டும் இல்ல, பனிக்கும் அதுதான் கூரை. யூக்கலிப்டஸ் மரத்துல வேணாம், காத்து இல்லாதப்பவே கிளை ஒடிஞ்சு விழும்.

குளிருதுன்னு தறப்பாள இழுத்து மூடிக்கிட்டு உள்ள கரிச்சட்டி வைக்கவே வைக்காதீங்க, காபன் மொனொக்சைட் வாசமே தெரியாது, தூக்கத்துலயே உயிர் போயிரும். இத எங்க ஊருக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஜாக்கெட், தொப்பி எல்லாம் கொழும்புல தேடி அலையாதீங்க, டவுன்ல பேல் பசார்ல மலிவா எடுக்கலாம். அப்புறம் ஹோட்டன் சமவெளி ஆசை வந்தா, அது தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்துல அனுமதி எடுக்காம அங்க தங்க முடியாது.

வெள்ளவத்தை_வாசி:
அண்ணை, அக்கா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. அண்டர்குயில்ட் இங்க கடையளில கேட்டன், அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியேல்லை, வெளியால எடுப்பிக்க விலை கட்டாது. கையில இருக்கிறதை வச்சு ஏதும் செய்யலாமோ? விறாந்தைத் தூணில கட்டினா தாங்குமோ?

ஸ்கார்பரோ_அண்ணை:
செய்யலாம். உங்கட ஸ்லீப்பிங் பாக் கால்பக்கமும் சிப் திறக்குமெண்டா ஹமொக்கை அதுக்குள்ளால விட்டுக் கட்டுங்கோ, பாக் வெளியால சுத்தி நிக்கும், பஞ்சு நசியாது. திறக்காட்டி புறக்கோட்டையில யோகா மற் ஒண்டும், கார்க் கண்ணாடிக்கு வைக்கிற வெள்ளிச் சீற் ஒண்டும் வாங்கி முதுகுக்குக் கீழ போடுங்கோ, தோள்ப்பக்கம் மற் பத்தாது, அங்க சீற்றைக் குறுக்கால வையுங்கோ. பருத்தி உடுப்பு வேண்டாம், வேர்வை காயாது. சுடுதண்ணியைப் போத்தலில இறுக்கி மூடி, மேஸுக்குள்ள போட்டுத் தொடைக்கு நடுவில வையுங்கோ, படுக்க முதல் வயிறு நிறையச் சாப்பிடுங்கோ.

தூண் விசயம் கவனம். ஹமொக்கைக் கட்டுற பட்டி 30 டிகிரி சரிவில நிண்டா 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 70 கிலோதான் இழுக்கும், இறுக்கிக் கட்டி 10 டிகிரி ஆக்கினா 200 கிலோ வரும், பழைய வீட்டுத் தூண் அதைத் தாங்காது. மரத்தில அகலமான பட்டி போட்டு, நல்லாத் தொய்ய விட்டு, கோணலாப் படுங்கோ, முதுகு நேரா நிக்கும். முதல் இரவு வாசலுக்குக் கிட்டவே கட்டுங்கோ.